பிரைட்டனில் இல்லாத கவிஞர்: ஏழு நாள் குறிப்பு

கணுக்கால் வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை. ஊர் திரும்பி ஒன்பது நாளாகிறது. போன இடங்களில் தினமும் ராத்திரி நோட்டில் எழுதி வைத்ததை நாள்வாரியாகப் பிரித்துப் போடுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் தபால் துறையில் வேலை பார்த்தவள் நான். பாதிக் காலம் சார்ட்டிங்கில், மீதிக் காலம் கவுண்டரில். ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஸ்பெயின்காரர் எழுதிய கடிதங்களின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. ஹுவான் புஜோல் கார்சியா, பார்சிலோனாவில் 1912-ல் பிறந்தவர். கோழிப்பண்ணை வைத்தவர். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து லிஸ்பனில் இருந்த ஒரு தபால் பெட்டிக்கு 315 கடிதம் எழுதினார். ஒவ்வொன்றும் சராசரி 2,000 வார்த்தை. மேலே பார்த்தால் சாதாரண நலம் விசாரிப்பு. வரிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மறை மையில் உளவுச் செய்தி. பெட்டியைத் திறந்து எடுத்தவர்கள் ஜெர்மன் உளவுத்துறையினர். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிரிட்டிஷ் உளவுத்துறை அதிகாரி. ஜெர்மானியர் அவருக்கு வைத்த பெயர் அரபெல். பிரிட்டிஷார் வைத்தது கார்போ.

தனக்குக் கீழே 27 பேர் வேலை செய்வதாக அவர் ஜெர்மானியரை நம்ப வைத்திருந்தார். அந்த 27 பேரில் ஒருவர்கூட உலகத்தில் இல்லை. முதலில் அவர் தனியாகவும், பிறகு அதிகாரியோடு சேர்ந்தும் உண்டாக்கிய ஆட்கள். அதில் ஒருவர் இந்தியர், கவிஞர். 'ராக்ஸ்' என்று பெயர். பிரைட்டன் கடற்கரையிலிருந்து செய்தி அனுப்பியவராகக் கணக்கு. இதைப் படித்த நாளிலிருந்து அந்த மனுஷன் என் மனதை விட்டுப் போகவில்லை. ராகவனோ, ரகுநாதனோ, வெள்ளைக்காரர் வாயில் சுருங்கி அப்படி ஆகியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எனக்கு அவர் ராகவன்.

லண்டனில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், "வாங்க அத்தை, போய்ப் பார்த்துடலாம்" என்றான். கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 7, திங்கள். லிஸ்பன்

காலையிலிருந்து தூறல். இந்த ஊர் நடைபாதையில் சுண்ணாம்புக் கல்லைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கோலம் போட்ட மாதிரி பதித்திருக்கிறார்கள். வெயிலில் பார்க்க அழகு. நனைந்தால் வழவழவென்று ஆகிவிடுகிறது. ஷியாடு மேட்டில் இறங்கும்போது இடது கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் மகன் கை கொடுப்பதற்குள் இரண்டு பெண்கள் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஒருத்தி எதிரே பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடைக்குள் போய் நாற்காலியே எடுத்து வந்துவிட்டாள். மழையில், நடைபாதையில், நாற்காலி. மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து குந்தி உட்கார்ந்து என் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வயசில் என்னைவிட மூத்தவர். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எலும்பு முறியவில்லை என்று கையால் காட்டினார். கட்டுத்துணிக்கு 6 யூரோ சொச்சம். கட்டிவிட்டதற்குக் காசு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயேதான் நான் பார்க்க வந்த கட்டடம். பழைய சான் பிரான்சிஸ்கு மடம். போர்க்காலத்தில் போர்ச்சுகலின் தேசிய நூலகம் இங்கேதான் இருந்தது. 1969-ல்தான் வேறு இடத்துக்குப் போனது. இப்போது உள்ளே நுண்கலைக் கல்லூரி. வாசலில் பிள்ளைகள் பெரிய பெரிய அட்டைகளை மழைக்குத் தலைமேல் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

1941-ல் ஜெர்மானியர் புஜோலுக்கு மறை மையும், சங்கேதப் புத்தகமும், செலவுக்கு 600 பவுண்டும் கொடுத்து இங்கிலாந்துக்குப் போகச் சொன்னார்கள். அவர் போனது லிஸ்பனுக்கு. லிஸ்பன் நூலகத்தில் உட்கார்ந்து, சுற்றுலா வழிகாட்டியையும் ரயில் கட்டண அட்டவணையையும் விரித்து வைத்துக்கொண்டு, தான் இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சுற்றுவதாகக் கடிதம் எழுதினார். சினிமாக் கொட்டகையில் போட்ட செய்திப்படங்களைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். அதுவரை அவர் இங்கிலாந்து மண்ணை மிதித்ததே கிடையாது.

பிசகும் நடந்தது. கிளாஸ்கோ நகரத்தில் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்யக்கூடிய ஆட்கள் இருப்பதாக எழுதினார். கிளாஸ்கோ ஆட்கள் குடிப்பது பீரும் விஸ்கியும். லிட்டர் கணக்கும் அங்கே கிடையாது. ஸ்பெயின்காரர் தன் ஊரை வைத்து எழுதிவிட்டார். ஜெர்மானியர் கவனிக்கவில்லை.

கவுண்டரில் இருந்தவள் என்பதால் எனக்கு நெருக்கமானது இன்னொரு விஷயம். பயணச் செலவுக் கணக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காலத்து இங்கிலீஷ் காசில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அவருக்கு அதைக் கூட்டத் தெரியவில்லை. ஒவ்வொரு செலவாக வரிசையாக எழுதிவிட்டு, மொத்தம் பிறகு அனுப்புகிறேன் என்று முடித்துவிட்டார். ராத்திரி எட்டு மணிக்குக் கணக்கு இடிக்கும்போது அந்த வயிற்றுக் கலக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். தப்பாகக் கூட்டி எழுதியிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பார். கூட்டாமல் விட்டதால் தப்பித்தார்.

சாயங்காலம் மழை விட்டது. தெருமுனையில் தள்ளுவண்டிப் புகை. செஸ்நட் கொட்டையைக் கீறி, உப்புப் போட்டு, கரியில் சுடுகிறார்கள். தோல் மேல் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் படலம். ஒரு டஜன் 3 யூரோ, காகிதப் பொட்டலத்தில். உரித்தால் பனங்கிழங்குக்கும் பலாக்கொட்டைக்கும் நடுவில் ஒரு ருசி. காலை நீட்டி உட்கார்ந்து பொட்டலத்தையும் நானே காலி பண்ணினேன்.

அக்டோபர் 8, செவ்வாய். எஸ்டோரில்

காய்ஸ் து சொத்ரே நிலையத்திலிருந்து கடலை ஒட்டியே ரயில் போகிறது. முதலில் தேஜோ ஆறு. எங்கே ஆறு முடிந்து கடல் ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. காற்று பலமாக அடித்து, அலைத் துளி ஜன்னல் கண்ணாடி மேல் வந்து விழுந்தது.

போரில் போர்ச்சுகல் நடுநிலை நாடு. அதனால் இந்தச் சின்னக் கடற்கரை ஊரில் இரண்டு பக்கத்து உளவாளிகளும் தங்கினார்கள். நாடு இழந்த ராஜாக்களும், விசாவுக்குக் காத்திருந்த அகதிகளும் இங்கேதான். சூதாட்ட விடுதி இன்றைக்கும் இருக்கிறது. முன்னால் நீளமான தோட்டம், இரண்டு பக்கமும் பனை வரிசை. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. தபால் நிலையத்தைத்தான் தேடிப் போனேன்.

1942-ல் கட்டியது. உருண்ட முகப்பு, வெள்ளைச் சுவர், எளிமையான கட்டடம். படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கடிதம் வந்ததா என்று தினமும் வந்து கேட்டுப் போயிருப்பார்களே, அந்த அகதிகளை நினைத்தேன். கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு அந்த முகம் தெரியும். "இன்னைக்கு இல்லம்மா" என்று சொல்ல வாய் வராது.

புஜோலும் இந்தப் பக்கத்தில்தான் மனைவி அராசெலியோடும் கைக்குழந்தையோடும் இருந்தார். முதலில் அவர் பிரிட்டிஷாருக்கு வேலை செய்யத்தான் விரும்பினார். திரும்பத் திரும்பப் போய்க் கேட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தன் மதிப்பைக் காட்டத்தான் ஜெர்மானியரிடம் போய்ச் சேர்ந்தார். லிவர்பூலிலிருந்து மால்டாவுக்கு ஒரு கப்பல் கூட்டம் கிளம்பியதாக இங்கே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். இல்லாத கப்பல்கள். அவற்றை மறிக்க எதிரிகள் தேடி அலைந்தார்கள். அந்தச் செய்தியை ஒட்டுக்கேட்ட பிரிட்டிஷார், நம் நாட்டுக்குள் நமக்குத் தெரியாத ஒற்றன் யாரடா என்று குழம்பிப் போனார்கள். கடைசியில் 1942 பிப்ரவரியில் லிஸ்பனில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் மூலமாக வழி திறந்தது. ஏப்ரல் 24-ல் முதல் தடவையாக இங்கிலாந்தில் கால் வைத்தார். ஒன்பது மாதமாக அங்கிருந்து எழுதுவதாகச் சொன்ன ஊரில்!

மதியம் உப்புக்கருவாடு. பகல்யாவ் என்கிறார்கள். காட் மீனை உப்பில் காயவைத்து, ஊறவைத்து, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துக் கிளறியிருந்தார்கள். 11 யூரோ. இரண்டு பேர் சாப்பிடலாம். பரிமாறிய அம்மாள் என் கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் கேட்காமலே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்தாள். சின்னக் கோப்பைக் காப்பிக்குப் பில்லில் 90 காசு போட்டுவிட்டு, பிறகு அதையும் பேனாவால் அடித்துவிட்டாள்.

அக்டோபர் 9, புதன்

விமானம். கால் வலி. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 10, வியாழன். லண்டன், ஹெண்டன்

இன்றைக்குத் தேதி பார்த்தபோதுதான் உறைத்தது. புஜோல் காராகஸில் இறந்தது 1988 அக்டோபர் 10. தற்செயலாக அமைந்த நாள்.

ஹெண்டனில் கிரெஸ்பினி சாலை. இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள், முன்னால் கைக்குட்டை அளவு தோட்டம், குப்பைத் தொட்டிகள். இந்தத் தெருவில் ஒரு வீட்டில்தான் அவரைக் குடி வைத்தார்கள். இன்னொரு குடும்பம் இப்போது வாழும் வீடு, அதனால் வாசலில் நிற்கவில்லை, படம் எடுக்கவில்லை. மெதுவாகத் தெருவின் இரண்டு முனைக்கும் ஒரு தடவை நடந்தேன். ஒரு பையன் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுப் பார்சல் வாங்கிக்கொண்டிருந்தான். அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

27 பேரில் பெரும்பாலானவர்களை லண்டனில் வைத்துத்தான் உண்டாக்கினார்கள். கூட இருந்த அதிகாரி தோமாஸ் ஹாரிஸ், ஓவிய வியாபாரி, ஸ்பானிய மொழி தெரிந்தவர். ஒவ்வொரு ஆளுக்கும் குணம், கோபம், பணத்தாசை, காதல் எல்லாம் தனித்தனி. கிளாஸ்கோவில் வெனிசுவேலா மாணவன். ஜிப்ரால்டரிலிருந்து வந்த ஹோட்டல் சிப்பந்தி. லிவர்பூலில் இருந்தவராகச் சொன்ன ஒருவர், துருப்புக் கப்பல்கள் கூடுவதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தார். பார்த்தும் சொல்லவில்லை என்று சந்தேகம் வரும். அதனால் அவரை நோயில் சாகடித்துவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் மரண அறிவிப்பு போட்டு, அதை வெட்டி ஜெர்மானியருக்கு அனுப்பினார்கள். இல்லாத அவருடைய விதவைக்கு ஜெர்மானியர் பணம் கொடுத்தார்கள்.

வேல்ஸில் ஸ்வான்சி நகரத்தில் ஒரு சின்னக் கூட்டம் இருப்பதாகவும் எழுதினார்கள். 'ஆரிய உலக ஒழுங்கின் சகோதரர்கள்' என்று பெயர். ராகவன் அதில்தான் வருகிறார். ஆரியர் மேன்மையை வெறியோடு நம்பும் இந்தியக் கவிஞர் என்று படைத்திருக்கிறார்கள். தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்த வார்த்தை எப்படிக் குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் குத்தியது. அவருக்கு அந்த மூளையைக் கொடுத்தது அவரைக் கேட்டா செய்தார்கள்? ஒரு கவிதை வரிகூட அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

இருந்தும் நான் இந்தத் தெருவில் அதிகம் நினைத்தது அராசெலியை. மொழி தெரியாத ஊர், சின்னப் பிள்ளைகள், யாரோடும் பழகக்கூடாது, புருஷன் நாள் முழுக்க இல்லாத 27 பேரோடு. சாப்பாட்டில் மக்ரோனியும் உருளைக்கிழங்கும்தான் அதிகம், மீன் போதவில்லை என்று அவர் குறைப்பட்டது அரசாங்கக் கோப்பில் ஏறியிருக்கிறது. 1943-ல் ஊருக்கு விடாவிட்டால் ஸ்பானியத் தூதரகத்தில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றார். புருஷனைக் கைது செய்துவிட்டதாக நாடகமாடி, அராசெலியின் கண்ணைக் கட்டி ஒரு சிறைமுகாமுக்குக் கூட்டிப்போய், கைதி உடையில் அவரைக் காட்டினார்கள். அந்த நாடகத்துக்கு யோசனை சொன்னது புருஷனே. இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் இருக்கிற மரியாதை கொஞ்சம் இறங்குகிறது. போர் என்று சொல்லலாம். அவள் அழுத அழுகை நிஜம்தானே?

பஸ் பிடித்துக் கிங்ஸ்பரி போனோம். யாழ்ப்பாணத்துக்காரர் கடை ஒன்று. இடியப்பம் பத்து, சொதி, சம்பலோடு ஐந்தரை பவுண்டு. நான் நொண்டுவதைப் பார்த்துக் கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார்.

"என்ன அக்கா, காலில காயமோ? இதில இருங்கோ. தேத்தண்ணி தாறன்."

எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ராகவனுடைய காதலி என்று தெரசா ஜார்டின் என்ற பெண்ணையும் படைத்தார்கள், கடற்படை மகளிர் பிரிவில் சேர்ந்து இலங்கைக்கு மாற்றலாகிப் போனதாகக் காட்டினார்கள் என்றதும் அவர் தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்துவிட்டார். 1944-ல் படைத்தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் கண்டிக்கு வந்த சமயம்.

"எங்கட நாட்டுக்கோ? அப்பிடி ஒரு பொம்பிளை இருக்கவே இல்லையோ?"

"இல்லீங்க. பேர் மட்டும்தான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருந்தும் இல்லாமல் போன ஆக்களை எனக்குத் தெரியும் அக்கா. இல்லாமல் இருந்த ஆளை இப்பதான் கேள்விப்படுறன்" என்றார். தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி. லண்டன்

காலையில் ஜெர்மின் தெரு. அவர்களுடைய ஆபீஸ் இங்கே இருந்தது. இப்போது சட்டைக்கடையும் சவரக்கடையும். ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டோம்.

மவுண்ட் பிளெசன்ட்டில் தபால் அருங்காட்சியகம். நான் கிளம்பவே இல்லை, மூடும் நேரம் வரை இருந்தேன். லண்டனுக்கு அடியில் தபாலுக்கென்றே ஒரு ரயில் 1927-லிருந்து 2003 வரை ஓடியிருக்கிறது. பேடிங்டனிலிருந்து ஒயிட்சேப்பல் வரை ஆறரை மைல். அதில் ஒரு பகுதியில் இப்போது நம்மை உட்காரவைத்து ஓட்டுகிறார்கள். கூரை தலையில் இடிக்கிற உயரம். மூட்டை மூட்டையாகத் தபால் போன பாதையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போனேன். இரும்பும் ஈரமும் கலந்த வாசனை. எங்கள் ரயில் தபால் வண்டியிலும் இதே வாசனைதான்.

முத்திரைகள் வைத்த கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கும்போது 1942 நவம்பர் கடிதம் நினைவுக்கு வந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய இடம் அதுதான்.

நவம்பர் 8-ல் நேசநாடுகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. அதற்கு முன்னாலேயே கார்போ ஒரு கடிதம் எழுதினார். ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றிலிருந்து கப்பல் கூட்டம் கிளம்பிவிட்டது, மத்தியதரைக் கடலுக்கான நிறம் பூசியிருக்கிறது என்று. முழுக்க நிஜமான செய்தி. உறைமேல் விழுந்த முத்திரையும் நிஜம், தரையிறங்கும் நாளுக்கு முந்தைய தேதி. ஆனால் கடிதத்தைப் பிடித்து வைத்துவிட்டுத் தாமதமாக அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது ஆப்பிரிக்காவில் எல்லாம் முடிந்திருந்தது. தாமதமாக வந்ததில் வருத்தம், ஆனால் பிரமாதமான தகவல் என்று ஜெர்மானியர் பதில் எழுதினார்கள். தேதி முத்திரையைப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

முப்பத்தொரு வருஷமும் காலையில் முதல் வேலை முத்திரையில் தேதிக் கட்டையை மாற்றுவது. மாற்றி, ஒரு தாளில் குத்திப் பார்த்து, போஸ்ட்மாஸ்டர் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஒரு கடிதத்தின் மேல் அது விழும். ஒரு நாள் தேதி மாறிப்போனால் கோர்ட்டில்கூடப் பிரச்சனை வரும். எங்கள் கைக்குள் இருந்த அந்தச் சின்ன இரும்புத் துண்டை நம்பித்தான் ஜெர்மன் ராணுவமே ஏமாந்தது. கடிதத்தைத் தாமதம் செய்வது எங்களுக்குப் பாவம். அந்தப் பாவத்தை வேண்டுமென்றே செய்து எத்தனை உயிரைக் காப்பாற்றினார்கள் என்று நினைத்தபோது கண்ணாடிப் பெட்டியில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். காவலர் அம்மாள் வந்து, "உட்காருகிறீர்களா?" என்று கேட்டாள். காலைப் பார்த்துக் கேட்டாளோ, முகத்தைப் பார்த்துக் கேட்டாளோ.

அக்டோபர் 12, சனி. பிரைட்டன்

இரண்டு ரயில் ரத்து. மூன்றாவதில் வழி நெடுக நின்றுகொண்டு. ஒரு கல்லூரிப் பையன் எழுந்து இடம் கொடுத்தான், அவன் தோழி என் பையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

இந்தக் கடற்கரையில் மணல் கிடையாது. முழுக்கக் கூழாங்கல். அலை பின்வாங்கும்போது லட்சம் கல் உருளும் சத்தம், தகரத்தில் மழை கொட்டுகிற மாதிரி. கட்டுப்போட்ட காலோடு கல்மேல் நடக்க முடியாமல் மேலே நடைபாதை பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் 14 பவுண்டு. அண்ணன் மகன் திரும்பிய நேரம் ஒரு கடற்புறா பாய்ந்து மீன் துண்டைக் கவ்விக்கொண்டு போயேவிட்டது. பக்கத்து பெஞ்சுப் பெரியவர் தன் பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்றோம். வற்புறுத்தி இரண்டு துண்டு எடுக்கவைத்தார்.

1944-ல் ராகவன் இங்கே உட்கார்ந்து என்ன பார்த்திருப்பார்? கடற்கரையில் கண்ணிவெடியும் முள்கம்பியும். எதிரி இறங்கக் கூடாதென்று கடலுக்குள் நீளும் உலாப் பாலத்தின் நடுப்பகுதியை அறுத்தே வைத்திருந்தார்கள். அந்த வசந்த காலத்தில் டோவர், பிரைட்டன், ஹாரிச் என்று கிழக்கு, தெற்குக் கரையெங்கும் கார்போ தன் ஆட்களை நிறுத்தினார். எல்லோரும் ஒரே கதையின் துண்டுகளை அனுப்பினார்கள். அமெரிக்க ஜெனரல் பாட்டன் தலைமையில் பெரிய படை பிரான்சின் கலே கரையைத் தாக்கக் காத்திருக்கிறது என்று. அந்தப் படையும் இல்லாததுதான். ஜனவரியிலிருந்து படை இறங்கும் நாள் வரை 500-க்கு மேல் வானொலிச் செய்தி.

நேசநாடுகள் நிஜமாக இறங்கியது பிரான்சின் நார்மண்டிக் கரையில், ஜூன் 6-ல். அன்று விடியற்காலை 3 மணிக்கு, படை கிளம்பிவிட்டது என்று கார்போ நிஜச் செய்தி அனுப்ப ஏற்பாடு. தாமதமாகப் போனால் பயனில்லை, ஆனால் நம்பிக்கை கூடும் என்று கணக்கு. மாட்ரிட்டில் செய்தி வாங்க வேண்டிய ஜெர்மானியர் மணிக்கணக்காகப் பதில் கொடுக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டு, உங்கள் அலட்சியத்தை ஏற்க முடியாது என்று திட்டி எழுதினார். மூன்று நாள் கழித்து, ஜூன் 9-ல், நார்மண்டி வெறும் திசைதிருப்பல், நிஜத் தாக்குதல் கலேயில்தான் என்றார். நம்பினார்கள். 2 கவசப் படைப்பிரிவும் 19 காலாட்படைப் பிரிவும் கலேயிலேயே நின்றுவிட்டன. அந்த வருஷமே ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை கொடுத்தது. இங்கிலாந்தும் விருது கொடுத்தது.

சாயங்காலம் ராயல் பெவிலியன். நுழைவுக்கு ஆளுக்கு இருபது பவுண்டுக்குப் பக்கம். வெளியே வெங்காயம் கவிழ்த்த மாதிரி கோபுரங்கள், நம் ஊர் மாதிரியும் இல்லை, அவர்கள் ஊர் மாதிரியும் இல்லை. முதல் உலகப் போரில் 1914 கடைசியிலிருந்து காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இதுதான் ஆஸ்பத்திரி. மதத்துக்கும் சாதிக்கும் தகுந்தபடி தனித்தனிச் சமையல், தனித்தனிக் குழாய். தெற்கு வாசலில் 1921-ல் இந்திய மக்கள் நன்றியாகக் கட்டிக்கொடுத்த வளைவு நிற்கிறது.

அந்தச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அது தெரிந்தே அவர்கள் மறைத்து எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் இந்தியப் படை, சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரப் படை. கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்று எழுதினால் வீட்டுக்காரர்களுக்குப் புரியும், நம் பிள்ளைகளைத்தான் முன்னால் தள்ளுகிறார்கள் என்று. எழுதப் படிக்கத் தெரியாதவன் இன்னொருவனிடம் சொல்லி எழுதவைத்த வரி அது. கவிதை என்றால் எனக்கு அதுதான். ராகவனுக்கு எழுதிக் கொடுக்காத வரி இங்கே வேறு யாரோ எழுதியிருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு. பாட்சம் குன்று

இன்றைக்குப் போகவேண்டாம் என்று அண்ணன் மகன் ராத்திரியே சொன்னான். வீக்கம் அதிகம். காலையில் நான் செருப்பு மாட்டியதைப் பார்த்ததும் மறுபேச்சுப் பேசாமல் கடைக்குப் போய் ஒரு கைத்தடி வாங்கி வந்துவிட்டான்.

பஸ்ஸில் பாட்சம். அங்கிருந்து புல்மேட்டில் ஒரு மைலுக்கு மேல் ஏற்றம். வண்டிப் பாதை இல்லை. மரவேலிக் கதவுகளைத் திறந்து மூடிப் போக வேண்டும். இரண்டு பக்கமும் ஆடுகள். கடல்காற்று நேரே நெஞ்சில் அடிக்கிறது. எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நாயோடு இறங்கி வந்த ஒரு பெண், எங்களைப் பார்த்ததும் நின்று, திரும்பி, கடைசிக் கதவு வரை கூடவே வந்து அதைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நாங்கள் தாண்டிய பிறகுதான் போனாள்.

சத்ரி என்று பெயர். வெள்ளைச் சலவைக்கல்லில் எட்டுத் தூண், மேலே கவிந்த குடை. ஆஸ்பத்திரியில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களை இந்த இடத்தில்தான் எரித்தார்கள். சிதை அடுக்கிய இடத்தைக் கருங்கல் பலகைகளால் மூடியிருக்கிறார்கள். 1921 பிப்ரவரி 1-ல் திறந்தது. வரைந்தவர் பம்பாயைச் சேர்ந்த இளைஞர், ஹென்ரிக்ஸ்.

இரண்டாம் போரில் இந்தக் குன்று முழுக்க ராணுவத்தின் கையில், பயிற்சித் திடலாக இருந்தது. குண்டு பட்டு இந்தக் கல்லெல்லாம் சிதைந்துபோய், போருக்குப் பிறகு செப்பனிட வேண்டி வந்தது. அதைப் பற்றி எனக்கு முன்னமே தெரியும். ஆனால் அங்கே நின்று, கீழே பிரைட்டன் கூரைகளையும் அதற்கு அந்தப் பக்கம் கடலையும் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. கீழே ஒரு இல்லாத இந்தியருக்கு அவ்வளவு கவனமாகப் பெயர், குணம், முகவரி, சம்பளம் எல்லாம் எழுதி, ஜெர்மனியே நம்பும்படி உயிர் கொடுத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், மேலே இருந்த இந்தியர்களின் நினைவுக்கல்மேல் அதே நாட்டுத் துப்பாக்கிக் குண்டு பட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. தூணில் கை வைத்தேன். குளிர்.

இங்கே எரிக்கப்பட்டவர்களின் பெயர் பொறித்த கல் 2010 வரை இங்கே இல்லை. போர்க் கல்லறை ஆணையம் அந்த வருஷம்தான் பக்கத்தில் ஒரு சுவர்க்கல் வைத்து 53 பெயரையும் பொறித்தது.

நான் நோட்டை எடுத்தேன். காற்றில் தாள் படபடவென்று அடித்து எழுத முடியவில்லை.

"அத்தை, கல்லு மேல உட்காராதீங்க, ஈரம். நீங்க வாசிங்க, நான் எழுதறேன்."

அவன் தன் கோட்டைக் கழற்றிப் புல்லில் விரித்துப்போட்டான். உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். பஞ்சாபிப் பெயர்கள், நேபாளப் பெயர்கள், சில எனக்கு வாயில் நுழையவில்லை, மெதுவாக எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஒரே பெயர் திரும்பி வரும்போது, "இது வேற ஆளா அத்தை?" என்று கேட்டான். வேறு ஆள்தான், தனியாக எழுது என்றேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் ஹெட் சார்ட்டர் சொல்லிக் கொடுத்தது, தபால் கட்டை எண்ணாமல் அடுத்தவர் கையில் கொடுக்காதே என்று. எழுதி முடித்ததும் நோட்டை வாங்கி, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். 52 வந்தது. மறுபடி கல்லைப் பார்த்து ஆரம்பத்திலிருந்து சரிபார்த்தோம். மூன்றாவது வரிசையில் ஒருவர் விட்டுப்போயிருந்தார். அவரை ஓரத்தில் சேர்த்து எழுதினான். எண்ணினேன். 53.